காய்ந்த ஓடையும் சட்டத்தின் கண்ணில் ஓடைதான்

கேள்வி: “எங்கள் ஊர் ஓடையில் ஆண்டில் பத்து மாதம் தண்ணீர் கிடையாது. பெருமழை பெய்யும் இரவுகளில் மட்டும் நிறம் மாறிய, நாற்றமடிக்கும் தண்ணீர் ஓடுகிறது. ஓடையை ஒட்டிய கிணறுகள் உப்பாகிவிட்டன. ஆலையில் கேட்டால், ‘அது காய்ந்த பள்ளம், வந்தது மழைத்தண்ணீர், எங்களிடம் இசைவாணை இருக்கிறது, அளவுக்குள்தான் விடுகிறோம்’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?”

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர் மாவட்டம்.

பதில்: ஆலைத் தரப்பு சொன்ன பதிலில் நான்கு சொற்கள் இருக்கின்றன: பள்ளம், மழைத்தண்ணீர், இசைவாணை, அளவு. நான்குக்கும் சட்டத்தில் பொருள் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு மனு எழுதினால், அதற்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது கடினம்.

ஓடை: 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ‘நீரோட்டம்’ என்று சொல்வதில் ஆறு மட்டுமல்ல, தண்ணீர் ஓடினாலும் அப்போதைக்குக் காய்ந்து கிடந்தாலும் எல்லா நீர்வழியும் அடங்கும். குளம், வாய்க்கால், நிலத்தடி நீர் ஆகியவையும் அதில் சேரும். ஆகவே, ‘காய்ந்த பள்ளம்தானே’ என்ற வாதம் நிற்காது. மாசுப் பொருளை ஓடையிலோ கிணற்றிலோ விடுவதை இந்தச் சட்டத்தின் 24-வது பிரிவு தடை செய்கிறது.

மழைநீரும் கழிவுநீரும்: தொழில் நடக்கும் வளாகத்திலிருந்து வெளியேறும் வீட்டுக் கழிவுநீர் அல்லாத எந்தத் திரவத்தையும் ‘தொழிற்கழிவு’ என்ற சொல்லுக்குள் சட்டம் கொண்டுவருகிறது. கூரையிலிருந்து நேராக வடியும் மழைநீரால் பெரிய கெடுதல் இல்லை. அதே மழை சாய டிரம், உப்பு மூட்டை, கசடு குவித்த இடம் ஆகியவற்றைக் கழுவிக்கொண்டு வந்தாலோ, கழிவுத் தொட்டி நிரம்பி அதனுடன் கலந்தாலோ அதை வெறும் மழைநீர் என்று சொல்ல முடியாது. அதனால்தான் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

அடையாளம் காண ஒரு வழி உண்டு. கூரைத் தண்ணீர் மழை நின்ற சிறிது நேரத்தில் வடிந்துவிடும். அதன் பிறகும் மணிக்கணக்கில் குழாயில் தண்ணீர் வந்தால், நாள், நேரம், நிறம் எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டும். கழிவு வெளியேறும் ‘வாய்’ என்பது குழாய் மட்டுமல்ல. திறந்த வாய்க்காலும், மாசு உண்டாக்கக்கூடிய தேக்கக் குழியும் அதில் அடங்கும்.

இசைவாணை: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை அமைக்க ஒன்று, இயக்க ஒன்று என இரண்டு இசைவாணை தருகிறது. எவ்வளவு கழிவுநீர், எந்தத் தரத்தில், எங்கே விடலாம் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். கழிவுநீரை வெளியே விடவே கூடாது, சுத்திகரித்து முழுவதையும் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் அதுதான் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’. அப்படிப்பட்ட ஆலை ‘அளவுக்குள் விடுகிறோம்’ என்று சொல்லவே இடமில்லை. இந்த நிபந்தனைகளை வாரியம் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அலுவலக நேரத்தில் அதைப் பார்க்க 25-வது பிரிவு உரிமை தருகிறது. காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம்.

அளவு: பி.ஓ.டி. என்பது தண்ணீரிலுள்ள மக்கும் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. ஆறு, குளங்களில் விட லிட்டருக்கு 30 மில்லிகிராம் பொது வரம்பு. பாசன நிலத்தில் விட 100. ஆனால், கிணற்றைக் கெடுப்பது பெரும்பாலும் உப்பு. அதைச் சொல்வது டி.டி.எஸ். தமிழ்நாட்டில் அதன் பொதுவான வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். இந்த வரம்புக்குள் நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் விட்டாலும் 210 கிலோ உப்பு ஓடைக்குப் போகிறது. மழைநீரைக் கலந்தால் லிட்டர் கணக்கு குறையும். மொத்த உப்பு ஒரு கிலோகூடக் குறையாது.

பாசன நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த தரத்தில் மின்கடத்துதிறன் (இ.சி.) 2.25-ஐத் தாண்டக் கூடாது. இது தோராயமாக 1,400 மில்லிகிராம் உப்புக்குச் சமம். அதாவது, ஆலைக்கு ‘அளவுக்குள்’ இருக்கும் தண்ணீர் பயிருக்கு அளவு மீறியதாக இருக்கலாம். கிணற்று நீரைப் பரிசோதித்து, ஆண்டுக்கு இரண்டு முறை இ.சி. அளவைப் பதிவு செய்து வைப்பது பின்னால் மிகவும் உதவும்.

மாதிரி எடுப்பது: ஊரார் பாட்டிலில் பிடித்த தண்ணீர் புகாருக்கு வலு சேர்க்கும். ஆலைமீது வழக்கு நடத்த அது மட்டும் போதாது. 21-வது பிரிவின்படி வாரிய அலுவலர் ஆலைத் தரப்புக்கு அறிவிப்பு கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். எனவே, தண்ணீர் ஓடும்போதே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, மாதிரி எடுக்கக் கேட்பதுதான் முக்கியம். ஆலை வளாகத்துக்குள் நுழைய வேண்டாம். அது வேறு வழக்கில் கொண்டுபோய் விடும்.

மனுவில் இருக்க வேண்டியவை: ஓடையின் பெயர், புல எண், தண்ணீர் வந்த நாள்கள், மழை நின்ற நேரம், குழாய் இருக்கும் இடம், தேதியுடன் படங்கள், கிணற்று நீர் அறிக்கை. மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். நகலை ஆட்சியருக்கும் அனுப்பலாம். நடவடிக்கை இல்லையென்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். இழப்பீடு கோர, பாதிப்பு முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டு அவகாசம். மற்ற சுற்றுச்சூழல் தாவாக்களுக்கு 6 மாதம்தான். காலம் தாழ்த்தக் கூடாது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று தோன்றலாம். பாசனத்துக்காக 1992-ல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியபோது, நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 ஜனவரியில், விதியை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு வருவதற்குள் பல கிணறுகள் கெட்டுப்போய்விட்டன. அதனால், கிணறு முழுவதும் கெடும்வரை காத்திருக்காமல் முதல் மழையிலேயே குறிப்பெடுக்கத் தொடங்குவது நல்லது. தனி ஒருவராக இல்லாமல், ஓடைக்கரை விவசாயிகள் எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்திடுவது இன்னும் நல்லது.