மரமேறுகிறவனுக்கு மாட்டுக் கயிறா?

தேன்கனிக்கோட்டை வட்டாரத்து மகாஜனங்களுக்கு, மரமேறிப் பிழைக்கும் தொழிலாளர்கள் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சென்ற மாதம் அஞ்செட்டிச் சாலைப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் எங்கள் தோழர் ஒருவர் புளியமரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, இன்றளவும் படுக்கையில் கிடப்பதை உங்களில் அறியாதவர் இலர். ஆகையால் அந்தத் துயரத்தை இங்கே விரித்துரைக்க நாங்கள் முற்படவில்லை. அவர் விழுந்த அன்று மாலையே டீக்கடையில் பிறந்து, மறுவாரச் சந்தையில் வளர்ந்து, இப்போது பெரிய மனிதர்கள் வாயிலும் புகுந்துவிட்ட ஒரு பேச்சே எங்களை எழுதத் தூண்டியது. “காலையிலேயே போட்டுக்கொண்டு ஏறியிருப்பான்” என்பது அந்தப் பேச்சு. அவர் குடியறியாதவர் என்பதை அவருடைய தெருவே சொல்லும். அதற்குச் சாட்சி தேடி நாங்கள் அலையப் போவதில்லை. ஆனால் அறுந்த கயிறு எங்களிடம் இருக்கிறது. தொழுவத்தில் மாடு கட்ட உபயோகித்து, வெயிலிலும் மழையிலும் கிடந்து, மஞ்சள் நிறம் வெளிறி, விரலால் தேய்த்தால் இழைகள் தூளாக உதிர்கிற அந்தக் கயிற்றைத் தோப்புக்காரரே கொண்டுவந்து கையில் கொடுத்தார். கிளை உரசிய இடத்தில் அது உருகி ஒட்டிப் பின் அறுந்திருக்கிறது என்பது அதன் இரு நுனிகளையும் பார்க்கிற எவருக்கும் பிரத்தியட்சமாக விளங்கும். பழி சுமத்தியவர்களில் ஒருவராவது அந்த நுனிகளைப் பார்க்க வந்தாரா என்றால், இல்லை.

தை பிறந்தால் புளி உலுக்கும் காலம். சாலையோர மரங்களின் மகசூல் ஏலமும் தோப்புக் குத்தகைகளும் இன்னும் சில நாட்களில் முடிவாகப் போகின்றன. பங்குனி கடக்கும் வரையில் எங்களுக்குத் தரையில் நிற்கும் நேரத்தைவிடக் கிளையில் நிற்கும் நேரமே அதிகம். நன்கு முதிர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 150 முதல் 250 கிலோ வரை பழம் தரக்கூடியது. அதன் உச்சியோ 60 அடியையும் எட்டக்கூடும். தொரட்டி எட்டாத அந்த உச்சிக் கிளையில் நின்று உலுக்குகிறவனுக்கு 10 மீட்டர் உயரத்தில் கால் தவறினால், அவன் தரையைத் தொட ஒன்றரை விநாடிகூட ஆகாது. தொடுகின்றபோது அவன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். உலகமெங்கும் ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்து மடிகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவர்களும் அடக்கம் என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும், புளியமரத்திலிருந்து விழுந்தவனைத் தனியே எண்ணி வைக்க வேண்டுமென்று நம் ஜில்லாவில் யாருக்கேனும் சிரத்தை உண்டா என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. அதே ஜில்லாவில், ராகி அறுவடைக் காலத்தில் யானை ஒன்று எல்லை தாண்டி ஜவளகிரிக் காட்டுக்குள் அடியெடுத்து வைத்தால் அன்றிரவே ஊருக்கு ஊர் தகவல் பறக்கிறது. அது வேண்டியதுதான், யானையின் மேல் எங்களுக்கு வருத்தமில்லை.

கயிறு என்றால் எல்லாம் கயிறுதானே என்று நினைக்கிறவர்களுக்குச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. எங்களில் சிலர் பெங்களூரில் மரப் பராமரிப்பு வேலைக்கும், சிலர் ஓசூர் ஆலைகளில் உயரத்து வேலைக்கும் போய்வந்தவர்கள். அங்கே கண்டும் கேட்டும் அறிந்ததையே சொல்லுகிறோம். கடையில் கிலோக் கணக்கில் நிறுத்து, நைலான் என்று சொல்லிக் கொடுக்கப்படும் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் கயிறே. ஒரு சாண் நறுக்கி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: மிதந்தால் அது நைலான் அன்று, ஏனெனில் நைலானும் பாலியெஸ்டரும் தண்ணீரில் மூழ்கும். இந்த மிதக்கும் கயிறு புதிதாக இருக்கையில் 12 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு டன்னுக்கு மேல் இழுக்கும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. வைக்கோல் போர் கட்டவும் கன்றைப் பிணைக்கவும் அதைவிடச் சௌகரியமான சாதனம் இல்லை. ஆனால் வெயிலைத் தாங்கும் இரசாயனம் கலவாத பாலிப்ரொப்பிலீன் சில மாதங்களிலேயே தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். ஏறத்தாழ 165 பாகை வெப்பத்தில் உருகியும்விடும். கயிறு கயிற்றின் மேலோ கிளையின் மேலோ பாரத்தோடு வேகமாக வழுக்கும்போது எழுகின்ற சூட்டில் பாலியெஸ்டர் 255 பாகை வரைக்கும் உருகாமல் நிற்க, இது இளகிப்போகிறது. எங்கள் தோழருக்கு நேர்ந்தது அதுவே.

மரமேறுகிறவனுக்கென்று செய்யப்படுகிற கயிறு வேறு ஜாதி. உள்ளே பாரம் தாங்கும் கருவும், வெளியே தேய்மானத்தைத் தாங்கும் நெருக்கமான உறையும் கொண்ட கயிற்றை 1953-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனத்தார் மலையேறுவோர் பொருட்டுச் செய்தார்கள். அதன் வழிவந்த கயிறுகளே இன்று உயரத்து வேலைகளுக்கெல்லாம் உபயோகமாகின்றன. ஐரோப்பிய நியமமான ஈ.என். 1891-இன்படி, முதல் வகைக் கயிறு 22 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2,240 கிலோ பாரம் தாங்க வேண்டும். 50 கிலோவிலிருந்து 150 கிலோவுக்குப் பாரம் ஏறும்போது நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் நீளக் கூடாது. செய்தவர் பெயரும் செய்த ஆண்டும் அச்சிட்ட மெல்லிய பட்டை ஒன்று கருவுக்குள்ளேயே ஓட வேண்டும். மரவேலைக்கென்று அமெரிக்காவில் வகுத்த இசட் 133 என்ற நியமம், பொதுவாக அரை அங்குல விட்டமும் 5,400 பவுண்டு, அதாவது சுமார் 2,450 கிலோ, அறும் பலமும் கேட்கிறது. எண்பது கிலோ மனிதனுக்கு இரண்டரை டன் எதற்கு என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. முடிச்சுப் போட்ட இடத்தில் எந்தக் கயிறும் தன் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையும், சில முடிச்சுகளில் பாதியையும் இழக்கும். அன்றியும், கயிறு தளர்ந்திருக்க இரண்டு மீட்டர் விழுந்த மனிதன் பத்து சென்டிமீட்டருக்குள் நிறுத்தப்பட்டானாகில், அந்தக் கணத்தில் கயிற்றின் மேல் விழும் பாரம் 80 கிலோ அன்று, 1,600 கிலோவுக்கு மேல். அவ்வளவு விசையில் கயிறு அறாவிட்டாலும் மனிதன் உடைந்துபோவான். அதனாலேதான், கயிற்றைத் தளரவிடாமல் இடுப்புக்கு மேலே கட்டி ஏறுகிற பழக்கத்தை நல்ல கயிற்றைக் காட்டிலும் முதன்மையாக எங்களுள் மூத்தவர்கள் இளைஞர்களுக்குப் போதிக்கிறார்கள்.

இவ்விடத்தில் நல்லெண்ணத்தால் விளைகிற பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். விபத்தைக் கேட்டு மனமிரங்கிய அன்பர் ஒருவர் பெங்களூரில் மலையேறுவோர் கயிறு ஒன்றை வாங்கி எங்களுக்கு அனுப்பினார். அவருக்கு எங்கள் நன்றி உரியது. கயிற்றை நாங்கள் உபயோகிக்கவில்லை. பாறையில் விழுகிறவனைத் துள்ளித் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட அக்கயிறு 80 கிலோ தொங்கினாலே நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை நீள நியமம் இடங்கொடுக்கிறது. 20 மீட்டர் கயிற்றில் அது 2 மீட்டர். கையில் அரிவாளோ மெஷின் ரம்பமோ பிடித்து நாள் முழுதும் கயிற்றிலேயே அமர்ந்து வேலை செய்கிறவன் ஊஞ்சலாடிக்கொண்டிருக்க முடியாது. நன்கொடை தர விரும்புகிறவர்கள் வாங்கும் முன் எங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்களாக. கிளையை இறக்குகிற கயிறும் ஆளைத் தாங்குகிற கயிறும் ஒருபோதும் மாறலாகாது என்பதும், ஈரக் கயிறு மின்சாரம் கடத்தும் என்பதும் உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

இனி எங்கள் முறையீட்டின் உயிரான விஷயத்துக்கு வருகிறோம். கயிறு யார் வாங்குவது? “உன் தொழிலுக்கு உன் கயிறு” என்கிறார் தோப்புக்காரர். “கூலியோடு எல்லாம் சேர்த்துத்தான் பேசியிருக்கிறேன்” என்கிறார் ஏலம் எடுத்தவர். ஏலம் விட்ட அலுவலகத்தாரோ மரத்தோடு தங்களுக்கு உள்ள பாந்தவ்யம் ரசீது கிழித்ததோடு முடிந்துவிட்டதாகக் கருதுகிறார்கள். நாற்பது மீட்டர் தரமான கயிறு சில ஆயிரம் ரூபாய். நாளொன்றுக்குக் கிடைக்கிற கூலியில் அரிசியும் மருந்தும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் போக மிஞ்சுகிற காசில் அதை வாங்க ஒருவனுக்கு எத்தனை பருவம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படியே சொந்தக் கயிறும் இடுப்பு வாரும் வைத்திருக்கிறவன் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டால், “கயிறு இல்லாமலே ஏறுகிறவன் இருக்கிறான்” என்று அவனை அனுப்பிவிட்டு, அடுத்த தெருவில் பதினெட்டு வயது நிரம்பாத பையனைக் கூப்பிடுகிறவர்கள் யார்? வேறு யாருமல்லர், நீங்களே. கோபத்தால் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பது பொய்யாகும் என்பதால் சொல்லுகிறோம்.

இதே தாலுக்காவில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிற ஆலைகள் எழுந்துள்ளன. அங்கே விளக்கு மாற்ற ஏணியில் ஏறுகிறவனும் சேஃப்டி பெல்ட் மாட்டாமல் ஏறக் கூடாது. அந்த வாருக்கு ஐ.எஸ். 3521 என்ற இந்திய நியமம் உண்டு. கண்காணிக்க அதிகாரி உண்டு. அந்த ஆலைக்குச் சாலை அகலப்படுத்த மரம் வெட்ட வந்தவனுக்கு மட்டும் மாட்டுக் கயிறு. பிரிட்டனில் ஆளைத் தாங்கும் சாதனங்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதியுள்ளவர் சோதித்து எழுதி வைக்க வேண்டுமென்று 1998-லேயே விதி வந்துவிட்டது. நம் நாட்டில் தேங்காய் வளர்ச்சி வாரியம் 2011-இல் தென்னையேறுவோருக்குப் பயிற்சியும் கருவியும் தந்து, காப்பீட்டுக்கும் வழி செய்தது. போற்ற வேண்டிய காரியம். புளியமரமும் தைலமரமும் சில்வர் ஓக்கும் ஏறுகிறவன் தென்னையேறி அல்லன் என்பதால் அந்த வாசல் அவனுக்குத் திறக்கவில்லை. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் உயிரிழப்புக்குக் குறைந்த தொகையாக 1,20,000 ரூபாய் என்று விதித்தது. பெயர்ப் பதிவேடோ கூலிச் சீட்டோ இல்லாமல், கைபேசியில் கூப்பிட்டதும் வந்து ஏறியவனின் மனைவி, யாரிடம் வேலை பார்க்கையில் தன் புருஷன் விழுந்தான் என்பதை எந்தக் காகிதத்தைக் கொண்டு நிரூபிப்பாள்?

பேட்டராய சுவாமி கோயில் தேர் புறப்படும் முன் வடத்தின் ஒவ்வொரு முழத்தையும் தடவிப் பார்க்கிறோம். நைந்த இடம் கண்டால் தயங்காமல் மாற்றுகிறோம், செலவைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஆகையால் நாங்கள் கேட்பது இவ்வளவே. ஏலம் எடுப்பவர்களும் குத்தகைக்காரர்களும், ஏறுகிற ஒவ்வோர் ஆளுக்கும் நியம முத்திரையுள்ள கயிறும் உடல் வாரும் தங்கள் செலவில் வாங்கி வைக்க வேண்டும். அந்த நிபந்தனையை ஏல அறிவிப்பிலேயே சேர்க்கும்படி அலுவலகத்தாரை நீங்கள், வரி செலுத்தும் குடிகள், எழுதிக் கேட்க வேண்டும். வீட்டு மரத்துக்கு எங்களை அழைக்கிறவர்கள் கயிற்று வாடகை என்று ஒரு தொகையைக் கூலியினின்று பிரித்துக் கொடுக்க வேண்டும். தொழுவத்துக் கயிற்றையும் கிணற்றுத் தாம்பையும் எங்களிடம் நீட்டலாகாது. ஒரு முறை ஆளை விழாமல் பிடித்த கயிறு, உறை கிழிந்து கரு தெரிகிற கயிறு, பாட்டரி அமிலம் பட்ட கயிறு, செய்து பத்தாண்டு கடந்த கயிறு இவற்றை நாங்கள் கண்ட இடத்திலேயே துண்டாக நறுக்கிவிடுவோம். அதற்காக எங்களோடு சண்டைக்கு வர வேண்டாம்.

தை முதல் தேதியிலிருந்து கயிற்றைக் கண்ணால் பார்க்காமல் எங்களில் ஒருவரும் ஏறமாட்டோம். முன்பணம் கொடுத்திருப்பவர்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். படுக்கையில் கிடக்கிற தோழருக்குச் சிகிச்சைச் செலவு தருவதாக ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டு, பிறகு கைபேசியை எடுக்காமல் இருக்கிற தோப்புக்காரருடைய மரங்களில் இந்தப் பருவம் ஒரு பழம்கூட எங்கள் கையால் இறங்காது. உள்ளூரான் மறுத்தால் ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஆள் பிடித்து வரலாம் என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எல்லைக்கு அப்பாலுள்ள தோழர்களோடும் பேசியாயிற்று. அவர்களும் கயிற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.

இங்ஙனம்,
தேன்கனிக்கோட்டை வட்டாரத்து மரமேறும் தொழிலாளர்கள்