வேகம் மட்டும் போதுமா?

மின்சார ரயிலில் தாம்பரம் வந்திருக்கிறீர்களா, குட்டீஸ்? பிளாட்பாரம் காலி இல்லை என்றால், ரயில் வெளியே சிக்னலில் நின்று விடும். 'இன்னும் ஏன் கிளம்பலை?' என்று முணுமுணுப்போம். ஆனால், நிற்கவே தெரியாத ரயிலை நினைத்துப் பாருங்கள்... ஆபத்துதானே!

நிற்கத் தெரியாத ஒன்று, ரோட்டோரம் பள்ளம் தோண்டிப் பதிக்கும் கேபிளுக்குள் ஓடுகிறது. அதுதான் ஒளி! நம் போன் பேச்சும், இன்டர்நெட் படமும் ஒளித் துடிப்புகளாக மாறி, தலைமுடி போன்ற கண்ணாடி இழையில், நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ., வேகத்தில் பறக்கின்றன. சென்னையையும் அந்தமான் - நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி கேபிள், 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மொத்த நீளம் சுமார் 2,300 கி.மீ., அவ்வளவு தூரத்தையும் ஒளி கடக்க, ஒரு நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு போதும்.

சிக்கல் எங்கே தெரியுமா? சந்திப்புகளில்தான். இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் ஒரே வழிக்கு வந்தால், ஒன்று காத்திருக்க வேண்டும். ஒளி காத்திருக்காதே! அதனால், அதை மின் சமிக்ஞையாக மாற்றி, மெமரியில் வைத்து, பிறகு மறுபடி ஒளியாக்கி அனுப்புகின்றனர். இதற்கு மின்சாரம் செலவாகிறது.

ஒளியையே மெதுவாக்கினால்? அமெரிக்காவில் லேனே ஹாவ் என்ற பெண் விஞ்ஞானியின் குழு, 1999ல், மிக மிகக் குளிர்ந்த சோடியம் அணுக்களுக்குள் ஒளித் துடிப்பின் வேகத்தை நொடிக்கு 17 மீட்டராகக் குறைத்தது. கிட்டத்தட்ட நம் மின்சார ரயில் வேகம்! சுவிட்சர்லாந்தின் லாசேன் நகர விஞ்ஞானிகள், 2005ல், சாதாரண கண்ணாடி இழையிலேயே, எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு லேசரைச் செலுத்தி, துடிப்பை மெதுவாக்கிக் காட்டினர்.

ஆனால், அதிகம் தாமதப்படுத்தினால் துடிப்பின் வடிவம் சிதைந்து விடுகிறது. எனவே, சந்திப்புகளில் இன்றும் மெமரிதான் உதவுகிறது.

'அப்படியானால், இது வீண் வேலையா?' என்று கேட்பீர்கள். இல்லை என்பேன். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஆசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டு வழியே படத்தை அனுப்பியதை 1954ல் வெளியிட்டார். அது போன் பேசுவதற்காக அல்ல, உடலுக்குள் பார்ப்பதற்காக! அதே போன்ற இழையில் தொலைதூரம் செய்தி அனுப்பலாம் என்று, சார்லஸ் காவோ வழி சொன்னது 1966ல்தான்.

'இதனால் இன்றைக்கு என்ன லாபம்?' என்று மட்டும் கேட்டிருந்தால், அந்தமானுக்குக் கேபிள் போயிருக்குமா?

அடுத்த முறை சிக்னலில் ரயில் நின்றால், முணுமுணுக்காதீர்கள், யோசியுங்கள். ஒளிக்கு ஒரு பிளாட்பாரம் கட்டப் போவது, நீங்களாகவும் இருக்கலாம்!