டுடோரியல் வீடியோ புராஜெக்ட்: கேமராவை எடுக்கும் முன் மாணவர்கள் பனியன் கம்பெனிக்குள் போக வேண்டியது ஏன்?

'ஓவர்லாக் மெஷினில் நூல் கோர்ப்பது எப்படி?' என்று யூடியூபில் தமிழில் தட்டினால் வீடியோக்கள் வரிசை கட்டி வருகின்றன. பலவும் ஒரே அச்சு. முதலில் சேனல் மியூசிக், பிறகு 'வணக்கம் நண்பர்களே', அப்புறம் சப்ஸ்க்ரைப் பண்ணச் சொல்லும் ஒரு நிமிடம். மெஷின் திரைக்கு வரும்போது பார்ப்பவர் பாதி வீடியோவைத் தள்ளிவிட்டிருப்பார். வந்த மெஷினும் வீட்டில் வைத்துத் தைக்கும் சின்ன மெஷினாக இருக்கும். திருப்பூர் கம்பெனி ஹாலில் ஓடும் மெஷினுக்கும் அதற்கும் தூரம் அதிகம்.

ஃபேஷன், விஸ்காம், டிசைன் படிக்கும் மாணவர்களுக்கு இப்போது டுடோரியல் வீடியோ ஒரு வழக்கமான புராஜெக்ட். ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும், அதைத் தெரியாதவருக்குப் புரியும்படி வீடியோவாக வடிவமைக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. நடப்பது என்ன? திங்கட்கிழமை தலைப்பு, வெள்ளிக்கிழமை ஷூட்டிங், இரண்டு வாரம் எடிட்டிங். 'ஆய்வு' என்ற பக்கம் கடைசியில் எழுதப்படுகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் போகும், வகுப்புத் தோழர்களே நிரப்புவார்கள், அழகான வட்ட வரைபடம் ஒன்று ரிப்போர்ட்டில் ஏறும். தையல் மெஷினைத் தொட்டே பார்க்காதவர்கள் சொன்ன பதிலை வைத்துத் தையல்காரருக்கு வீடியோ எடுத்தால் அதை யார் பார்ப்பது?

பின்னலாடைக்கென்றே 1997-ல் தொடங்கப்பட்ட நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கும் ஊர் இது. 2024-25-ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறக்குறைய 40 ஆயிரம் கோடி ரூபாய். டெய்லர் தேவை, பேட்லாக் தேவை, சிங்கர் தேவை என்ற போர்டு தொங்காத தெரு இங்கே குறைவு. கற்றுக்கொள்ள வேண்டியவர்களும் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்களும் ஒரே ஊரில், பல நேரம் ஒரே ஹாலில் இருக்கிறார்கள். நடுவில் ஒரு நல்ல வீடியோவுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை அடைய எடிட்டிங் சாஃப்ட்வேரை விட ஆய்வுத் திட்டம்தான் முதலில் வேண்டும்.

யாருக்கு இந்த வீடியோ?

'எல்லோருக்கும்' என்று எழுதினால் திட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. திருப்பூரில் ஒரே ஓவர்லாக் மெஷினைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கைமடி வேலை பார்த்துக்கொண்டே டெய்லராகிவிட வேண்டும் என்று நினைக்கும் பெண் ஒருவர். ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ போன மாதம் வந்த இளைஞர் ஒருவர். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நான்கு மெஷினுடன் பவர்டேபிள் தொடங்கியவர் ஒருவர். முதல் வருஷ ஃபேஷன் மாணவி ஒருவர்.

கைமடிப் பெண்ணுக்கு மெஷினின் பாகங்களை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நாள் முழுக்க அதன் பக்கத்தில்தான் நிற்கிறார். அவருக்குத் தேவை மெஷினில் உட்கார்ந்து கை பழகும் நேரமும், முதல் அரை மணி நேரத்தில் நடக்கும் தவறுகளைப் பற்றிய தகவலும்தான். பிகார் இளைஞருக்கு மெஷின் தெரிந்திருக்கலாம், சூப்பர்வைசர் சொல்லும் 'டென்ஷனை லூஸ் பண்ணு, துணியை இழுக்காத' புரியாமல் இருக்கலாம். பவர்டேபிள்காரருக்குத் தையலே பிரச்சினை இல்லை, ரிப்பேருக்கு மெக்கானிக் வரும்வரை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. நான்கு பேருக்கும் நான்கு வீடியோ. ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற மூவரை விட்டுவிடுவதுதான் திட்டத்தின் முதல் வரி.

இதில் சம்பளமும் இருக்கிறது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு நூல் அறுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. கைமடியிலிருந்து டெய்லராக ஏறுவது என்பது சனிக்கிழமை கைக்கு வரும் பணம் மாறுவது. மாணவருக்கு இது மதிப்பெண், பார்ப்பவருக்கு அப்படி இல்லை.

தெரிந்தவருக்கு ஏன் சொல்லத் தெரிவதில்லை?

பத்து வருஷமாக ஓவர்லாக் ஓட்டும் ஒருவரிடம் போய், "அக்கா, இதை எப்படிப் பண்றீங்க?" என்று கேட்டால், "இதுல என்ன கண்ணு இருக்கு, அப்படியே விட்டு ஓட்ட வேண்டியதுதான்" என்ற மாதிரிதான் பதில் வரும். மறைக்கிறார் என்று அர்த்தமில்லை. கை பழகிய வேலை வாய்க்கு வராது, அவ்வளவுதான். அதனால்தான் பேட்டி மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பும் ஆய்வு பாதி ஆய்வு.

நூல் கோர்ப்பதையே எடுத்துக்கொள்வோம். நான்கு நூல் ஓவர்லாக்கில் இரண்டு ஊசி, இரண்டு லூப்பர். கீழ் லூப்பருக்கு நூல் போகும் பாதைதான் புதியவரைத் திணறடிக்கும். பாடப் புத்தகமும் யூடியூபும் கோனிலிருந்து ஊசி வரை முழுப் பாதையையும் வரிசையாகச் சொல்லித்தருகின்றன. ஹாலில் கோன் தீரும்போது அனுபவசாலிகள் செய்வது வேறு. பழைய நூலின் வாலில் புது நூலை முடிச்சுப் போட்டு, டென்ஷனைத் தளர்த்தி, இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஊசிக் காது வந்ததும் முடிச்சை வெட்டிவிட்டுக் கையால் கோர்ப்பார்கள். முழுப் பாதையும் தேவைப்படுவது நூல் நடுவில் அறுந்து உருவிக்கொண்டால்தான். அப்படியென்றால் வீடியோ எதில் தொடங்க வேண்டும்? முடிச்சிலா, முழுப் பாதையிலா? ஹாலில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தவருக்கு மட்டுமே இந்தக் கேள்வியே தோன்றும்.

துணியும் அப்படித்தான். தையல் வீடியோக்களில் நெய்த காட்டன் துணி சமர்த்தாகக் கிடக்கும். திருப்பூரின் சிங்கிள் ஜெர்சி வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்ளும். கொஞ்சம் இழுத்துத் தைத்தால் தையல் அலை அலையாக நிற்கும். புதியவரின் பீஸ் செக்கிங்கில் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வீடியோவுக்கு எந்தத் துணியைப் பயன்படுத்துவது என்பதும் ஆய்வு முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

இதற்கு எளிய வழி, மாணவர் கற்றுக்கொள்பவராகப் போய் உட்காருவது. "எனக்குச் சொல்லிக்கொடுங்க்கா" என்று மெஷினில் உட்கார்ந்துவிட்டால் "அட, கையை அங்க வைக்காத", "கால எடு, கால எடு" என்று தானாக வார்த்தைகள் வரும். அந்த வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். வீடியோவின் வசனம் அதுதான். தான் எங்கே தடுமாறினோம் என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் யூடியூப் வீடியோக்களின் கீழே 'அண்ணா, ஊசி உடையுது', 'அக்கா, தையல் விட்டுவிட்டு வருது' என்று மக்கள் கேட்டிருப்பவையும் காசில்லாமல் கிடைக்கும் தரவு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

வீடியோ ஆறு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்று பல வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. இது எங்கிருந்து வந்தது? 2014-ல் பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் எட்எக்ஸ் தளத்தின் 4 ஆன்லைன் படிப்புகளில் சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவை ஆராய்ந்தார்கள். 6 நிமிடத்துக்குள் இருந்த வீடியோக்களில்தான் பார்வையாளர்கள் நன்றாக நின்றார்கள் என்பது முடிவு. ஆனால், அவை கல்லூரிப் பாட வீடியோக்கள். நூல் அறுந்து மெஷின் முன்னால் நிற்பவருக்கு 6 நிமிடமும் நீளம்தான். அவருக்கு 40 விநாடிப் பகுதி போதும், அதைத் தேடாமல் உடனே எடுக்க முடிய வேண்டும். விதியைக் கடன் வாங்கும்போது அது பிறந்த இடத்தையும் பார்க்க வேண்டும்.

கேமராவை எங்கே வைப்பது என்பதற்கும் பதில் இருக்கிறது. லோகன் ஃபியொரெல்லா, ரிச்சர்ட் மேயர் உள்ளிட்டோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சின்ன மின்சுற்று ஒன்றைப் பொருத்தும் வேலையைச் செய்பவரின் கண் பார்க்கும் கோணத்தில் பார்த்தவர்கள், எதிரிலிருந்து எடுத்த வீடியோவைப் பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எதிரில் கேமரா வைத்தால் இடது வலதாகிவிடும், லூப்பர் கவருக்குப் பின்னால் கை மறைந்துவிடும். முகம் அழகாகத் தெரியும், வேலை தெரியாது.

மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொரு ஆய்வு. மைக்கேல் கார்டஸ், எட் ஓ'பிரையன் இருவரும் 2018-ல் வெளியிட்டது. மேஜைத் துணியை மேலிருக்கும் தட்டுகள் விழாமல் உருவும் வித்தை, டார்ட் எறிவது போன்றவற்றை ஒரே வீடியோவாகத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்களுக்கு 'நம்மால முடியும்' என்ற நம்பிக்கை நன்றாக ஏறியது. செய்து பார்க்கச் சொன்ன இடத்தில், டார்ட் எறிதல் உட்பட, திறமை ஏறவில்லை.

இது நம் புராஜெக்ட்டுகளின் அடிமடியிலேயே கை வைக்கிறது. வீடியோவைப் போட்டுக் காட்டி "புரிஞ்சுதாங்க்கா?" என்று கேட்டால் "நல்லாப் புரிஞ்சுது கண்ணு" என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் மரியாதைக்காக, கொஞ்சம் உண்மையாகவே அப்படித் தோன்றுவதால். ரிப்போர்ட்டில் 'பயனர்கள் திருப்தி' என்று ஏறிவிடும். கேட்க வேண்டியது அதுவல்ல. நூலை உருவிவிட்டு மெஷினைக் கையில் கொடுக்க வேண்டும்.

பெங்களூரில் நடந்த பாடம்

இந்தியாவிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 2006-ல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் ரிகின் காந்தி தொடங்கிய டிஜிட்டல் கிரீன், விவசாயிகளை வைத்தே விவசாயிகளுக்கு வீடியோ எடுத்தது. 16 கிராமங்களில் 13 மாதம் நடந்த சோதனையில், செலவழித்த பணத்தோடு ஒப்பிட்டால் வழக்கமான வேளாண் விரிவாக்க முறையைவிட இது 10 மடங்கு பலன் தந்தது. வீடியோவைப் பார்க்கும் விவசாயிகள் முதலில் கேட்டது விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ அல்ல, 'இவர் யார், எந்த ஊர்?' என்றுதான் என ரிகின் காந்தி பலமுறை சொல்லியிருக்கிறார். இன்னொரு விஷயமும் முக்கியம். உள்ளூர்க்காரர் ஒருவர் வீடியோவை நடுநடுவே நிறுத்தி, கேள்வி கேட்டு, பேசவைத்துத்தான் காட்டினார். வீடியோ தனியாகப் பாடம் நடத்தவில்லை.

திருப்பூருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், ஒடிசா தொழிலாளருக்கான வீடியோவில் சொல்லித்தருபவர் இங்கே சில வருஷம் வேலை பார்த்த இன்னொரு ஒடிசாக்காரராக இருப்பது நல்லது. தமிழில் எடுத்துவிட்டு இந்தி சப்டைட்டில் போடுவதை மொழி வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. கை வேலையைப் பார்க்கும் கண் எழுத்தையும் படிக்க முடியாது.

எப்போது போவது, யாரிடம் கேட்பது?

ஆய்வுத் திட்டத்தில் தேதி எழுதும்போது ஊரின் காலண்டரைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் சம்பள நேரம், யாரும் பேச மாட்டார்கள். ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடும்போது மாணவரைப் பார்த்தாலே சூப்பர்வைசருக்குக் கோபம் வரும். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். சத் பூஜை, ஹோலி நேரத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்க மாட்டார்கள்.

பெரிய ஏற்றுமதி கம்பெனிகளில் போன் உள்ளே அனுமதி கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டு பையரின் டிசைன், லேபிள் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் கவலை, நியாயமான கவலை. முதல் கட்ட ஆய்வுக்குக் கேமராவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கதவு கொஞ்சம் எளிதாகத் திறக்கும். நோட்டும் பேனாவும் போதும்.

தொழிலாளர்களின் தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியதை இந்த ஊர் மறக்கவில்லை. பயந்துபோன குடும்பங்களிலிருந்து போன் மேல் போன், பிகார் அரசின் குழுவே நேரில் வந்து விசாரித்தது. போனை நீட்டினால் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதற்காக எடுக்கிறோம், எங்கே போடப்போகிறோம், வேண்டாமென்றால் எடுக்க மாட்டோம் என்பதை அவர் மொழியிலேயே, சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்காதபோது சொல்ல வேண்டும். கையை மட்டும் எடுப்பதற்கு முகம் தேவையும் இல்லை.

படம் பிடிக்கும் முன் ஒரு ஒத்திகை

ஹாலில் பார்த்ததைப் பேப்பரில் கட்டம் கட்டமாக வரைந்து ஐந்து பேரிடம் காட்டினால் போதும், பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும். பயன்பாட்டுச் சோதனைக்கு 5 பேர் போதும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியது இன்றும் டிசைன் வகுப்புகளில் பேசப்படுகிறது. அந்த ஐந்து பேரும் தேர்ந்தெடுத்த அந்த ஒரு வகையினராக இருக்க வேண்டும், ஹாஸ்டல் ரூம்மேட்டாக இருக்கக் கூடாது. அடுத்து போனிலேயே ஒரு கச்சா வீடியோ. மியூசிக் இல்லை, டைட்டில் இல்லை. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் நூல் கோர்க்க எவ்வளவு நேரம் எடுக்கிறார், எங்கே நிறுத்திப் பின்னால் தள்ளிப் பார்க்கிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் கழித்து வீடியோ இல்லாமல் அதே வேலையைச் செய்யச் சொல்ல வேண்டும். பல புராஜெக்ட்டுகளில் இந்தக் கடைசிப் படி இருப்பதே இல்லை.

இவ்வளவையும் மாணவர்கள் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. கல்லூரி மதிப்பீட்டுத் தாளில் கேமரா, எடிட்டிங், பின்னணி இசைக்கு மார்க் இருந்து, ஹாலில் நின்ற நேரத்துக்கு மார்க் இல்லையென்றால் மாணவர் ட்ரோன் ஷாட்தான் எடுப்பார். முதல் சோதனையில் ஐந்தில் நான்கு பேர் தோற்றார்கள் என்று நேர்மையாக எழுதும் ரிப்போர்ட்டுக்கு, எல்லோரும் திருப்தி என்று எழுதுவதைவிட அதிக மார்க் கிடைக்க வேண்டும்.

கம்பெனிகள் தரப்பில் கேட்பதும் பெரிதல்ல. ஆள் கிடைக்கவில்லை, வந்தவருக்கு வேலை தெரியவில்லை என்ற புலம்பல் ஏற்றுமதியாளர் கூட்டங்களில் புதிதல்ல. ஷிப்மென்ட் இல்லாத வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, டீ டைமுக்குப் பிறகு இரண்டு மணி நேரம், ஓரமாகக் கிடக்கும் ஒரு பழைய ஓவர்லாக், கூடவே பேசத் தயங்காத ஒரு சீனியர் டெய்லர். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவருடைய பீஸ் ரேட் கூலியை யார் தருவது என்பதையும் மாணவர் உள்ளே நுழையும் முன்பே கல்லூரியும் கம்பெனியும் பேசி முடித்திருக்க வேண்டும்.