வகுப்பறையில் தீப்பிழம்பு: வேதியியல் 'மேஜிக்' எங்கே ஆபத்தாகிறது, எங்கே பாடமாகிறது?

பழுப்பு நிலக்கரித் துண்டு ஒன்றைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்கினால் முதலில் என்ன வெளியே வரும்? புகையா, தீயா, வாயுவா?

நெய்வேலி சுரங்கங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சேத்தியாத்தோப்பு வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நிலக்கரி புதிய பொருள் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அவர்களிலும் பலர் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விடை கீழே வருகிறது. இப்போதைக்கு இந்தக் கேள்வியை ஓரமாக வைத்துக்கொள்ளலாம். வகுப்பறையில் வேதியியலைச் 'செய்து காட்டுவது' பற்றிய வாதம் முழுவதும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

ரீல்ஸிலும் யூடியூபிலும் வேதியியல் என்றாலே வெடி, நுரை, வண்ணத் தீ. யானைப் பற்பசை, எரிமலை, சோடியத்தைத் தண்ணீரில் போடுவது. செமையாக இருக்கும், மறுப்பதற்கில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். ஆனால் இதே காட்சிகளில் சில, உலகின் பல ஊர்களில் மாணவர்களைத் தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கின்றன. அதைக் கேட்ட பள்ளிகளின் முதல் எண்ணம், 'எதுக்கு வம்பு, செய்முறையே வேண்டாம்' என்பதுதான். இழப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது.

வானவில் தீ: நடந்தது என்ன?

விபத்துக் கணக்கில் அதிகம் பேசப்படுவது 'வானவில் தீ' என்ற செய்முறை. வரிசையாகக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் உலோக உப்பு, மேலே மெத்தனால். பற்றவைத்தால் சிவப்பு, பச்சை, ஊதா என ஆளுக்கொரு நிறத்தில் எரியும்.

2014 ஜனவரி 2 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஓர் உயர்நிலைப் பள்ளி வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது தீ பாய்ந்து இரண்டு மாணவர்கள் காயமடைந்தார்கள். அவர்களில் ஒருவரான 16 வயது மாணவருக்குப் படுகாயம். 2019-ல் நீதிமன்ற ஜூரி அவருக்கு ஏறத்தாழ 5.9 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. இதில் வேதனை என்னவென்றால், 2006-ல் ஒஹாயோவில் நடந்த இதே மாதிரி விபத்தில் தப்பிய மாணவியின் அனுபவத்தை வைத்து, அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் ஓர் எச்சரிக்கை வீடியோவே வெளியிட்டிருந்தது. அது வெளியானது 2013 டிசம்பரில். மன்ஹாட்டன் விபத்து நடந்தது அதற்குச் சில வாரங்களில்.

அதே 2014 செப்டம்பரில் ரீனோ நகர அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு விபத்து, டென்வர் பள்ளி ஒன்றில் இன்னொன்று. டென்வரில் நான்கு லிட்டர் பாட்டிலில் இருந்து மெத்தனால் ஊற்றப்பட்டபோது தீ பாட்டிலுக்குள் புகுந்து, 12 அடி தள்ளி இருந்த மாணவரின் மார்பில் பாய்ந்தது.

மூன்று இடத்திலும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. வண்ணம் தந்த உப்போ, அது எரிந்த கிண்ணமோ இல்லை, ஊற்றிய பாட்டில். 'தீ அணைந்துவிட்டது' அல்லது 'சரியாகப் பற்றவில்லை' என்று நினைத்து, பெரிய பாட்டிலில் இருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றும் அந்த ஒரு கணம்தான் விபத்தின் கணம்.

ஏன் அப்படி? மெத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை சுமார் 11 டிகிரி செல்சியஸ்தான். அதாவது அந்த வெப்பநிலையிலேயே, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி மேலே நிற்கும். கடலூர் மாவட்டத்தில் மார்கழி விடியற்காலையில்கூட வகுப்பறை அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். பாதி காலியான பாட்டிலின் மேல்பகுதி முழுக்க ஆவியும் காற்றும் கலந்த கலவை. ஊற்றும்போது தீ அந்த ஆவியைப் பிடித்துக்கொண்டு பாட்டிலுக்குள் போகிறது. உள்ளே அழுத்தம் எகிறுகிறது. எரியும் திரவம் வாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. போதாக்குறைக்கு, மெத்தனால் எரியும் சுடர் பகல் வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்கே தெரியாது. 'அணைந்துவிட்டது' என்று ஆசிரியர் நினைப்பது அதனால்தான்.

மெத்தனால் என்ற பெயர் நம் வாசகர்களுக்கு வேறு வழியில் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்த கள்ளச்சாராயத்தில் இருந்தது இதுவேதான். குடித்தால் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்க வேதியியல் கழகம், மெத்தனாலை வைத்துத் திறந்த மேசையில் வானவில் தீ காட்டுவதையே நிறுத்தச் சொன்னது. மாற்று? உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியை பர்னர் சுடரில் காட்டினால் போதும். அதே நிறம். பாட்டிலே தேவையில்லை.

நம்ம ஊர் லேபில் இது எங்கே இருக்கிறது?

பிளஸ் டூ வேதியியல் படித்த எவருக்கும் 'சால்ட்' நினைவிருக்கும். அதில் வரும் சுடர் சோதனையும் வானவில் தீயும் ஒரே வேதியியல்தான். சோடியம் என்றால் மஞ்சள், கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்சியம் ஆழ்சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை, தாமிரம் நீலப்பச்சை. ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துளி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கண்ணாடித் தண்டின் நுனி, அவ்வளவுதான். சிவகாசி மத்தாப்பு பச்சையாக எரிவதும் இதே பேரியத்தால்தான். (பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது தனிக்கதை.) ஆக, வண்ணத் தீயை நம் பாடத்திட்டம் விட்டுவிடவில்லை. ஒரு மாணவர் குனிந்து பார்க்கிற அளவில் அது ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பே பார்க்கட்டும் என்று அளவைக் கூட்டும்போதுதான் சிக்கல்.

நம் பள்ளிகளில் கவனிக்க வேண்டிய 'குட்டி பாட்டில்' ஒன்றும் உண்டு: ஸ்பிரிட் விளக்கு. எரிந்துகொண்டிருக்கும்போது, அல்லது அணைத்த சூட்டோடு, அதில் ஸ்பிரிட் ஊற்றுவது டென்வரில் நடந்ததன் சிறிய வடிவம். தொழிற்சாலை ஸ்பிரிட்டில் குடிக்க முடியாதபடி செய்வதற்காக மெத்தனாலும் சேர்க்கப்படுவது வழக்கம். சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையைக் கடந்து போகும் பிள்ளைகளுக்கு இந்த ஸ்பிரிட்டின் பூர்வீகம் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது: சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகை நொதிக்க வைத்தால் எத்தனால். பாடத்தையும் ஆலையையும் அந்த விளக்கையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்ல இதைவிட வசதியான ஊர் அமையாது.

அறிவியல் கண்காட்சிகளின் நிரந்தர நட்சத்திரமான 'எரிமலை'யும் கொஞ்சம் யோசிக்க வைப்பதுதான். ஆரஞ்சு நிற அம்மோனியம் டைகுரோமேட்டைப் பற்றவைத்தால் பச்சைச் சாம்பல் பொங்கி வழியும். ஆனால் எரியாமல் மிஞ்சித் தூளாகப் பறப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதை மூடிய அறையில், முகக்கவசம் இல்லாத பிள்ளைகள் சுற்றி நிற்க, நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்து காட்டுவதை நியாயப்படுத்த முடியாது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?

பள்ளியும் தீயும் என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் நெஞ்சு பதறும். சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில் தெற்கே போனால் வருகிற கும்பகோணத்தில், 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பள்ளித் தீ பறித்தது. அது சமையல் கூடத்திலிருந்து கூரைக்குப் பரவிய தீ, ஆய்வகத்துக்குத் தொடர்பில்லை. ஆனாலும் ஒரு தலைமை ஆசிரியர் தீக்குச்சியைக் கண்டு தயங்குவதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் தயக்கத்தின் விலையை யாரும் எழுதி வைப்பதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. தேர்ச்சிக்குச் செய்முறையில் 15 எடுக்க வேண்டும். இதற்கான வேதியியல் சோதனைகள் எளிமையானவை: ஒரு உப்பு கரையும்போது வெப்பத்தை விடுகிறதா, எடுத்துக்கொள்கிறதா, மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் ஏன் வெளுக்கிறது, கொடுத்த கரைசல் அமிலமா, காரமா. வெடிக்கிறது ஒன்றுமில்லை. இவற்றையும் செய்து பார்க்காமல் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கினால், மதிப்பெண் வரும்; வெளுத்த உப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் நீலம் திரும்புவதைப் பார்த்த கண் வராது.

அரசுத் தரப்பில் 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்த 'வானவில் மன்றம்' இந்தக் குறையைக் குறிவைத்த திட்டம். கருத்தாளர்கள் எளிய பொருட்களோடு அரசுப் பள்ளிகளுக்கு நேரில் போய் அறிவியல், கணிதச் செயல்பாடுகளைச் செய்ய வைக்கிறார்கள். 13 ஆயிரத்துக்கும் அதிகமான பள்ளிகள் இலக்கு. ஆனால் அது 6 முதல் 8-ம் வகுப்பு வரைதான். அமிலமும் ஸ்பிரிட்டும் மாணவர் கைக்கு வருவதோ அதற்குப் பிறகு. உதவியாள் தேவைப்படும் இடத்தில் ஆசிரியர் தனி ஆள்.

வேடிக்கையா, பாடமா? ஹார்வர்டில் கிடைத்த பதில்

ஆபத்தில்லாத செய்முறை என்றால் மட்டும் போதுமா? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும். இயற்பியல் வகுப்பில்தான் செய்தார்கள். ஆனால் கேள்வி எல்லாப் பாடத்துக்கும் பொது. செய்முறையைப் பார்க்காத மாணவர்களில் 61 சதவீதம் பேர் பின்னர் நடந்த தேர்வில் விளைவைச் சரியாகச் சொன்னார்கள். வெறுமனே பார்த்தவர்களில் 70 சதவீதம். 'என்ன நடக்கும்?' என்று முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களில் 77. அதோடு சக மாணவரிடம் விவாதித்தவர்களில் 82.

இன்னும் முக்கியம், 'ஏன்' என்ற விளக்கம். பார்க்காதவர்கள் 22 சதவீதம், வெறுமனே பார்த்தவர்கள் 24. வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஊகித்தவர்கள் 30, விவாதித்தவர்கள் 32. கைதட்டி ரசித்த செய்முறையின் காரணம் பெரும்பாலானவர்களுக்குப் புரியவில்லை. அதற்குத் தேவைப்பட்டது பெரிய தீ இல்லை, செய்வதற்கு முன் ஒரு இரண்டு நிமிடக் கேள்வி.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் அடுப்படியே ஆய்வகம். வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்பு போட்டதும் ஏன் சிவக்கிறது? ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஏன் சிவப்பாகிறது? எலுமிச்சை பிழிந்தால் அது திரும்பவும் மஞ்சளாகுமா? அமிலம், காரம் பாடம் மொத்தமும் இதில் அடக்கம். சுண்ணாம்புத் தெளிநீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால் போல் கலங்கும். ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளியும். இந்த இரண்டாவது பாதியை யாரும் ஊகிப்பதில்லை. 'எளிய பொருள்' என்றாலே ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை: சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட குழந்தைகளை நம் கண் மருத்துவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். உறிஞ்சாமல் ஊதச் சொல்வதும் கண்ணாடி போடச் சொல்வதும் அங்கேயும் வேண்டும்.

இனி, அந்த நிலக்கரித் துண்டு

சோதனைக்குழாயில் பழுப்பு நிலக்கரியைச் சூடாக்கினால் முதலில் வருவது தண்ணீர். குழாயின் வாயோரம் துளித்துளியாக வியர்க்கும். புகையும் எரியும் வாயுவும் தாரும் அதற்குப் பிறகுதான். நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம்.

வெடி இல்லை, வண்ணம் இல்லை. ஆனால் 'கரி எரியும்' என்று ஊகித்த பிள்ளை, தண்ணீரைப் பார்த்ததும் நிச்சயம் ஏதாவது கேட்கும். அங்கிருந்து கதவுகள் திறக்கும். பாதி தண்ணீராக இருக்கும் பொருளை ரயிலில் ஏற்றித் தூரத்துக்கு அனுப்பினால் பாதிக் கட்டணம் தண்ணீருக்கு. அதனால்தான் மின் நிலையங்கள் சுரங்க வாசலிலேயே நிற்கின்றன. வெட்டி எடுத்துக் குவித்த பழுப்பு நிலக்கரி காய்ந்து, காற்றின் ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து, அந்தச் சூடு உள்ளேயே தேங்கினால், யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். வெப்ப உமிழ் வினை என்று பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்குப் படிப்பது இதைத்தான். 2020 மே மாதமும் ஜூலை மாதமும் நெய்வேலி அனல் மின் நிலையக் கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் இறந்தபோது, அந்தச் செய்தியை வீட்டில் கேட்ட பிள்ளைகள்தான் இன்று மேல்நிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். எரிதல் அவர்களுக்கு வெறும் சமன்பாடு இல்லை.

செய்வதாக இருந்தால், சில விஷயங்கள். பட்டாணி அளவுத் துண்டுகள் இரண்டு மூன்று போதும். சூட்டைத் தாங்கும் கண்ணாடிக் குழாய் வேண்டும். வாய்ப் பக்கம் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வியர்த்த தண்ணீர் சூடான அடிப்பகுதிக்கு ஓடிக் குழாயை உடைத்துவிடும். வாய் யார் பக்கமும் திரும்பியிருக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு உள்ள வாயு வரும் என்பதால் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஸ்பிரிட் பாட்டில் மூடி போட்டு, வேறு மேசையில், முடிந்தால் வேறு அறையில். பற்றவைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்: முதலில் என்ன வரும்?