தொடர்கதை எழுத எந்தத் தளம் பெஸ்ட்? 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்தும் முன் இதைப் படிங்க!

சென்னை: பெசன்ட் நகரில் வசிக்கும் ஒருவர், எலியட்ஸ் கடற்கரையில் நடக்கும் ஒரு கொலையை வைத்து 40 அத்தியாய க்ரைம் தொடர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பொன்னியின் செல்வன்' தொடங்கிய 1950-ல் தொடர்கதை என்றாலே பத்திரிகைதான். இன்று போனிலேயே எழுதி, போனிலேயே வெளியிடலாம். ஆனால் எங்கே?

வாசகர் எங்கே இருக்காங்க?

பெங்களூருவைச் சேர்ந்த பிரதிலிபியில் தமிழ்த் தொடர்கள் ஏராளம். அத்தியாயம் போட்டதும் கமென்ட் வரும், 'அடுத்த பகுதி எப்போ?' என்று கேட்பார்கள். புது எழுத்தாளருக்கு அதுதான் டானிக். வாட்பேடிலும் தமிழில் எழுதலாம். ஆனால் அங்கே பெரிய கூட்டம் ஆங்கிலத்துக்குத்தான். குடும்ப நாவல், காதல் கதை என்றால், எழுத்தாளர்களே நடத்தும் நாவல் தளங்களும் இருக்கின்றன.

சரி, காசு வருமா?

அமேசான் கிண்டிலில் நாமே தமிழ்ப் புத்தகம் வெளியிடும் வசதி 2016 முதல் உண்டு. அங்கே 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால், சந்தாதாரர்கள் படிக்கும் பக்கக் கணக்கிலும் பணம் வரும்.

சிக்கலும் இங்கேதான். அந்தத் திட்டத்தில் இருக்கும் 90 நாளும் அந்தக் கதை டிஜிட்டலில் வேறு எங்கும் முழுசாக இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட. அதனால்தான் பலர் கதை முடிந்ததும் 'லிங்க்கை எடுக்கப் போறேன், சீக்கிரம் படிச்சிடுங்க' என்று அறிவிக்கிறார்கள். ஒரு பழைய பிரதி எங்காவது மிச்சம் இருந்தாலும் விதிமீறல்தான். ஆகவே, போட்ட கதையைத் திரும்ப எடுக்க அனுமதிக்கும் தளமா என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

தளமே மூடிட்டா?

இதுவும் நடந்திருக்கிறது. தொடர்கதைக்கென்றே அமேசான் அமெரிக்காவில் 2021-ல் தொடங்கிய 'கிண்டில் வெல்லா', 2025 பிப்ரவரியில் மூடப்பட்டது. பெரிய கம்பெனி என்பது உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பிரதி உங்கள் கணினியில் இருக்கட்டும்.

கதை யாருக்குச் சொந்தம்?

எழுதிய உடனேயே பதிப்புரிமை எழுத்தாளருக்குத்தான், பதிவு கட்டாயமில்லை. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு, உரிமையை மாற்றித் தர எழுத்து வடிவ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும்.

ஆனால் காலமும் எல்லையும் எழுதியிருந்தால், எழுதியதுதான் செல்லும். ஆகவே ஒப்பந்தத்தில் 'பிரத்யேக', 'நிரந்தர', 'உலகம் முழுவதும்' என்ற வார்த்தைகளையும், ஆடியோ, சினிமா, வெப் சீரிஸ் உரிமை பற்றிய வரிகளையும் தேடிப் பாருங்கள். கொலையாளி யார் என்று படம் எடுக்க ஒருவர் வரும்போது, கையெழுத்துப் போடும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும்.

அப்போ எதைத் தேர்வு செய்வது?

முதல் கதைக்கு வாசகர்தான் முக்கியம் என்றால் பிரதிலிபி மாதிரியான இலவசத் தளம். ஏற்கெனவே வாசகர் வட்டம் உண்டு, கதையும் முடிந்துவிட்டது என்றால் கிண்டில். இரண்டும் வேண்டும் என்றால் முதலில் தொடர், முடிந்ததும் எடுத்துவிட்டுப் புத்தகம். எந்த வழியானாலும், உள்ளே போகும் முன் வெளியே வரும் கதவு எங்கே என்று பார்த்துவிடுங்கள்.