காலிக் கட்டத்தில் ராஜாவை உட்கார வைக்காதீங்க

போன மாசம் எங்க தெருப் பையன்கள் மூணு பேர் ஒரு லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் காரைக்காலில் கல்லூரிக்குப் போகிறவர்கள். ஒருவன் என் அக்கா மகன். "மாமா, நம்ம வம்சாவளியக் கண்டுபுடிச்சிட்டோம்" என்றான். எச்சிலைக் குப்பியில் துப்பிக் கம்பெனிக்கு அனுப்பி, வந்த முடிவை வம்சாவளி மென்பொருளில் ஏற்றி, மூதாதையர் பட்டியல் ஒன்று போட்டிருந்தார்கள். கீழே அவன் பெயர். அதற்கு மேலே அப்பா, அம்மா. அதற்கு மேலே தாத்தா பாட்டிகள். அடுத்த தலைமுறையில் பாதிக் கட்டம் காலி. அதற்கும் மேலே எல்லாமே காலி. காலிக்கு மேலே, ஒரே தாவலில், ஒரு சோழ ராஜா.

"இவரு எப்படிடா இங்க வந்தாரு?"

"சும்மா வெச்சிருக்கோம் மாமா. நாமளும் ஆண்ட பரம்பரைதான?"

அந்தப் பையன்களுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர்களுக்கு மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. இந்த வியாதி இப்போது நம் சேரிகளில் பரவலாக இருக்கிறது.

காவிரிப் பாசனத்தில் ராஜ வம்சம் இல்லாத சாதியே கிடையாது. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு சோழன், ஒரு பிளக்ஸ், ஒரு குருபூஜை. எல்லோரும் ஆண்டார்கள் என்றால் நாற்றுப் பறித்தது யார்? வாய்க்கால் வெட்டியது யார்? செத்த மாட்டைத் தூக்கியது யார்? ஆண்ட பரம்பரை என்று ஒருவன் மார்தட்டும்போது, ஆளப்பட்டவன் ஒருவன் இருந்தான் என்பதையும் அதே வாயால் ஒப்புக்கொள்கிறான். அந்த ஆளப்பட்டவனின் பேரன் நீ. நீயும் போய் ராஜா வேஷம் கட்டினால், உன் பாட்டனை அடித்தவனுக்கு நீயே சாட்சி சொல்லிக் காப்பாற்றிவிடுகிறாய்.

அதற்காகப் பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மைப் 'பட்டியல் சாதி' என்று கூப்பிடுகிற நாடு இது. நம் பெயரே பட்டியல்தான். புதுச்சேரி மாநிலத்துக்கான அட்டவணைச் சாதிகள் ஆணை 1964 மார்ச் 5-ல் வந்தது. அன்றைக்கு இந்த மண்ணில் குடியிருந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் 'பூர்வீகம்'. பிறகு வந்தவர்கள் 'குடிபெயர்ந்தோர்'. காரைக்கால் என்பது என்ன? சுற்றிலும் தமிழ்நாடு; நடுவில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஒரு துண்டு. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அந்தப் பக்கம் பெண் எடுப்போம், இந்தப் பக்கம் கொடுப்போம். அறுப்புக்கு அங்கே போவோம், நடவுக்கு இங்கே வருவோம். பண்ணையாளுக்குப் பிரெஞ்சு வயல் ஏது, இங்கிலீஷ் வயல் ஏது? ஆனால் படித்துவிட்டு வேலைக்கு மனுப் போடுகிற பிள்ளையிடம், "1964-ல உன் தாத்தா எங்க இருந்தாரு, காகிதம் கொண்டா" என்கிறார்கள். குடிசையில் இருந்தவனுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவனுக்குக் காகிதம் இல்லை. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி தாத்தாவின் சாவுப் பதிவைத் தேடி எட்டு மாசம் அலைந்தாள். அவள் கேட்ட பட்டியலில் ராஜா இல்லை. ஒரு கூலிக்காரரின் பெயரும் ஒரு தேதியும்தான். அது கிடைத்திருந்தால் அவளுக்கு வேலை.

ஆகவே பட்டியல் போடத்தான் வேண்டும். அதை எப்படி ஒழுங்கு செய்வது என்பதுதான் சண்டை.

மென்பொருளின் கணக்கு எளிது. நீ 1. அப்பா 2, அம்மா 3. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா. அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. ஆறு தலைமுறை மேலே ஏறினால் 64 பேர் வரிசையில் நிற்க வேண்டும். இது வெள்ளைக்காரன் குடும்பத்தை மனசில் வைத்துப் போட்ட கணக்கு. என் அக்காவைக் கட்டியது எங்கள் தாய்மாமன். அதனால் அவள் மகனின் பட்டியலில் 4-ம் எண்ணும் 14-ம் எண்ணும் ஒரே ஆள்; 5-ம் 15-ம் ஒரே பாட்டி. பையன்கள் அதைத் தப்பு என்று நினைத்து, 14-க்கு வேறு ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தப்பு இல்லையடா, அதுதான் நம்ம ஊர்க் கல்யாணம்.

அடுத்தது, பொருத்தப் பட்டியல். உன் மரபணுவோடு யார் யாருடையது எவ்வளவு நீளம் ஒத்துப்போகிறது என்று சென்டிமார்கன் கணக்கில் கம்பெனி காட்டுகிறது. பெற்ற தாயோடு சுமார் 3,400. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளையோடு சராசரி 870 வாக்கில். தூரம் போகப் போகக் குறையும். ஆனால் ஒரே வட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் நடந்திருந்தால், பத்து வழியில் வந்த தூரத்துச் சொந்தமெல்லாம் துண்டு துண்டாகச் சேர்ந்து கிட்டத்துச் சொந்தம் மாதிரி காட்டும். 'மூணாவது முறை உறவு' என்று திரையில் வந்தால் அப்படியே நம்பாதே. சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916-ல், இருபத்தைந்து வயசில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தார். நூறு வருஷம் கழித்து, 2016-ல், இந்திய விஞ்ஞானிகள் மரபணுவைப் படித்துவிட்டு, இங்கே கலப்பு நின்று அகமணம் இறுகிச் சுமார் 70 தலைமுறை ஆகிறது என்று எழுதினார்கள். அந்தச் சிறையின் பூட்டு உன் எச்சிலிலும் இருக்கிறது. அதைத் தூய்மை என்று பெருமை பேசுகிறவன் பூட்டை நகை என்று போட்டுக்கொள்கிறவன். சொந்தச் சாதிக்குள் இவ்வளவு சதவீதம் என்று நம் பையன்களும் பேசினால் அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அந்தப் பொருத்தப் பட்டியலில் குவாதலூப்பிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான தீவு. பையன்களுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நம் பாட்டன்மாருக்குத் தெரியும். 1848-ல் பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் டிப்போ போட்டு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். ஒரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் கூட்டத்தை இறக்கியது. 1880-களில் பிரிட்டிஷ் அரசு தடுத்து நிறுத்தும்வரை குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல். மார்த்தினிக்குக்கு 25,000-க்கு மேல். ரீயூனியனுக்கு அதைவிடப் பல மடங்கு. எல்லாரும் தலித்துகள் இல்லை. ஆனால் பஞ்சத்தில் முதலில் பட்டினி கிடந்தவனும், பண்ணையை விட்டு ஓட வழி தேடியவனும் யார் என்று கேட்கத் தேவையில்லை.

அந்தப் பெண்ணின் மரத்தில் 'முத்துசாமி, காரைக்கால்' என்று ஒரு மூதாதை. உடனே நம் பையன்கள் எல்லா முத்துசாமிகளையும் ஒரு கோப்பில் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இங்கேதான் ரெண்டு குழி இருக்கிறது.

ஒன்று, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கப்பல் ஏறினவன் பெயரோ அவன் தகப்பன் பெயரோ அங்கே போய்க் குடும்பப் பெயராக உறைந்துபோனது. முத்துசாமி, ராமசாமி, சிதம்பரம் எல்லாம் அங்கே வம்சப் பெயர்கள். இங்கே தெருவுக்கு நாலு முத்துசாமி. காரைக்காலிலும் இதே கதைதான். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியாரும் பலர் அப்படி எடுத்தார்கள். அந்தப் பெயருக்கு வயசு 1881-க்கு மேலே போகாது. பெயரை வைத்து அடுக்கினால் பட்டியல் பொய் சொல்லும்.

ரெண்டு, ஊர். பதிவேட்டில் காரைக்கால் என்று இருந்தால் அது பல நேரம் கப்பல் ஏறிய துறை. பிறந்த ஊர் உள்நாட்டில், தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கோ ஒரு சேரி. ஏறிய துறையையும் பிறந்த ஊரையும் ஒரே கட்டத்தில் போட்டால் அந்தச் சேரி ரெண்டாவது முறையாகக் காணாமல் போகும்.

குவாதலூப்பில் ஹென்றி சிதம்பரம் என்று ஒருவர் இருந்தார். ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, அவர்கள் பிரெஞ்சுக் குடிகள் இல்லை என்று அரசு சொன்னபோது 1904-ல் வழக்குக்குப் போனார். 1923 வரைக்கும் விடாமல் சண்டை போட்டு ஜெயித்தார். அந்தச் சண்டையும் ஒரு பட்டியலைப் பற்றியதுதான், வாக்காளர் பட்டியல். அவர் தன் பாட்டன் ராஜா என்று வாதாடவில்லை. இந்தத் தீவில் உழைத்தவன் பிள்ளை நான், என் பெயரை எழுது என்றார்.

எச்சிலைக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொன்றையும் யோசியுங்கள். 2023-ல் 23 அண்ட் மீ கம்பெனியிலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அதே கம்பெனி திவால் மனுப் போட்டது. குவாதலூப் பெண் இருக்கும் பிரான்சுச் சட்டத்தில், இப்படிப் பொழுதுபோக்குக்குப் பரிசோதனை செய்துகொண்டால் 3,750 யூரோ வரை அபராதம். நம் ஊரில்? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். மரபணு மாதிரி யாரிடம் கேட்டார்கள்? அந்தத் தண்ணியைக் குடித்தவர்களிடமும் கேட்டார்கள். எட்டுப் பேர் தரமாட்டோம் என்று நின்றார்கள். நீதிமன்றம் வரை இழுத்தார்கள். எடுத்த மாதிரி எதுவும் ஒத்துப்போகவில்லை. 2025 ஜனவரியில் அதே தலித் மக்களில் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை. உன் எச்சிலில் உன் அண்ணன், அத்தை, பிறக்காத பிள்ளை எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்க நீ யார்?

பையன்களிடம் நான் சொன்ன ஒழுங்கு இதுதான். ராஜாவை எடு. பெயர்வாரியாக அடுக்காதே, சேரிவாரியாக அடுக்கு. பிறந்த ஊருக்கு ஒரு கட்டம், ஏறிய துறைக்கு ஒரு கட்டம். எந்தப் பண்ணை, என்ன வேலை, கூலி எத்தனை மரக்கால் என்று ஒரு கட்டம். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எழுது; 'பரியா' என்று வைதிருந்தால் அதையும் எழுது, அழகுபடுத்தாதே. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எப்படித் தெரியும் என்று குறி: காகிதமா, மரபணுவா, வாய்ச்சொல்லா, யார் சொன்னது, எந்தத் தேதி. அம்மாக்களை 'இன்னாரின் மனைவி' என்று போடாதே, அவள் பெயரைக் கேள். தெரியாத கட்டத்தைக் காலியாகவே விடு. அது எப்படிக் காலியானது என்பதற்கும் ஒரு வரி எழுது.

இன்னொன்றும் சொன்னேன். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரின் நினைவிடத்துக்கு நாம் வருஷா வருஷம் போகிறோம். எத்தனை சென்டிமார்கன் பொருத்தம் பார்த்துவிட்டாப் போகிறோம்?

பையன்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் அக்கா மகன், "அப்போ எங்கேருந்து ஆரம்பிக்கிறது மாமா?" என்றான்.

திண்ணையைக் காட்டினேன். அங்கே அவன் அம்மாயி, என் அம்மா, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். அவன் பட்டியலில் 7-ம் எண். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜாவைக் கூட்டிவந்தவர்கள், பத்தடி தூரத்தில் இருந்த 7-ம் எண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம் வரை அவள் பதினோரு பெயர் சொன்னாள். ஏழு பேர் பெண்கள். ஒருத்தி நடவு வயலில் பிள்ளை பெற்றவள். ஒருவர் 'கப்பல்ல போனவரு, சேதி இல்ல' என்றாள்; எந்தக் கப்பல், எந்தத் தீவு என்று அவளுக்குத் தெரியவில்லை. பையன் அந்தக் கட்டத்தில் 'வாய்ச்சொல்' என்று குறி போட்டு, தேதி எழுதினான்.

தோழர்களே, உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு 7-ம் எண் உட்கார்ந்திருக்கிறது. வயசாகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.