குட்டை மலைக்கே என் ஓட்டு

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்குப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஹெல்வெலின் மலையைத்தான். 950 மீட்டர். ஏறி இறங்கினால் ஊர் திரும்பிச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்த ஆசை இல்லை. அதன் பக்கத்து அல்ஸ்வாட்டர் ஏரியின் எதிர்க்கரையில் ஹாலின் ஃபெல், ஸ்டீல் நாட்ஸ் என்று இரண்டு குட்டை மலைகள் நிற்கின்றன. ஒன்று 388 மீட்டர், மற்றது 432. ஏப்ரலில் நல்ல வெயில் நாள் வாய்த்தால் இரண்டையும் பார்த்துவிட்டு மாலைப் படகைப் பிடித்துவிடலாம்.

கிளென்ரிடிங்கில் படகேறி ஹௌடவுன் துறையில் இறங்கினோம், நண்பரும் நானும். நீராவி போய் டீசல் வந்து பல காலமாகியும் அந்தப் படகுகளுக்கு ‘ஸ்டீமர்’ என்றுதான் பெயர். 1877இல் நீரில் இறக்கிய ‘லேடி ஆஃப் த லேக்’ இன்னமும் ஆளேற்றிக்கொண்டிருக்கிறது. வெயில் 15 டிகிரியைத் தொட்டதற்கே உள்ளூர்க்காரர்கள் அரைக்கால் சட்டைக்கு மாறியிருந்தார்கள். நண்பர் ஸ்வெட்டரைக் கழற்றவேயில்லை.

துறையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் ரோடு, கணவாயில் இருக்கும் புனித பீட்டர் தேவாலயத்தில் கொண்டுவிடுகிறது. அதற்கு எதிரே தொடங்கும் புல்தடத்தில் ஏறினால் அரை மணி நேரத்தில் ஹாலின் ஃபெல் உச்சி. இரண்டு ஆள் உயரத்துக்குக் கல் அடுக்கி ஒரு தூண் எழுப்பியிருக்கிறார்கள். அதில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் நான் சொல்வது புரியும். ஏரி இந்த மலையின் காலைச் சுற்றித்தான் திரும்புகிறது. இடப்பக்கம் ஹெல்வெலின் வரிசை, அதன் பள்ளங்களில் கொஞ்சம் பனி மிச்சம். வலப்பக்கம் வயல், பச்சை, கல்மதில்கள். கீழே போகும் படகில் யார் எழுந்து நிற்கிறார் என்பதுகூடத் தெரிகிறது. பெரிய மலை உச்சியிலிருந்து ஏரி எங்கோ கிடக்கும் ஒரு தகடாகத்தான் தெரியும்.

வசந்தத்தில் வரச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இந்தச் சரிவுகளில் மண்டும் பெரணி குளிர்காலத்தில் செத்துத் துருநிறத்தில் தரையோடு படுத்திருக்கும். ஜூலையில் வந்தால் அது மார்பளவு எழுந்து தடத்தை மறைத்திருக்கும், உண்ணியும் ஒட்டும்.

திரும்பத் தேவாலயத்துக்கு இறங்கி, மறுபக்கம் ஏறினால் ஸ்டீல் நாட்ஸ். இது கொஞ்சம் முரடு. உச்சி என்பது புல்முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. பைக்கவாஸா என்று பெயர். கடைசிச் சில அடிகளுக்குக் கையும் வேண்டும். ஆல்ஃபிரட் வெயின்ரைட் தன் கைப்பட எழுதி வரைந்த வழிகாட்டி நூல்களில் 214 மலைகள் உண்டு. இந்த இரண்டும் 1957இல் வந்த இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. கெண்டால் நகராட்சியில் கணக்குப் பார்த்த மனிதர். குட்டை, நெட்டை பேதம் பாராமல் எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு பதிந்து வைத்தார்.

சரிவு முழுக்க ஆடுகள், குட்டிகள். ஹெர்ட்விக் இன ஆட்டுக்குட்டிகள் கருப்பாகப் பிறந்து வளர வளரச் சாம்பல் நிறமாகும். 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மலைநிலத்தில் யாரும் நடக்க உரிமை தந்தது; கூடவே மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அங்கே நாயைக் கட்டாயம் வாரில் பிடித்துப் போகவும் சொல்கிறது. நியாயமான பேரம்.

இந்த ஏரி இப்படியே கிடப்பதும் தானாக நடந்ததல்ல. பக்கத்து ஹாஸ்வாட்டரில் மேன்செஸ்டர் மாநகராட்சி 1930களில் அணை கட்ட, மார்டேல் கிராமம் நீருக்குள் போனது. அடுத்து அல்ஸ்வாட்டர் தண்ணீரை எடுக்கத் திட்டம் போட்டார்கள். 1962 பிப்ரவரி 8 அன்று பிரபுக்கள் சபையில் நார்மன் பிர்கெட் அந்தத் திட்டத்தை எதிர்த்துப் பேசினார். பெரிய வக்கீல், நீதிபதி. நியூரம்பெர்க் விசாரணையில் உட்கார்ந்தவர். திட்டம் தோற்றது. இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். ஹாலின் ஃபெல்லின் அடியில், நீரோரப் பாறையில் அவர் பெயர் பொறித்த பலகை இருக்கிறது. ஹெல்வெலின் பக்கம் பெயரில்லாமல் கிடந்த ஒரு குன்றுக்கு பிர்கெட் ஃபெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மேன்செஸ்டரும் விடவில்லை. சில வருடம் கழித்து வேறு திட்டத்தோடு வந்து தண்ணீருக்கு அனுமதி வாங்கியது. ஆனால் ஏரியின் உருவம் கெடக் கூடாது என்பதால் பம்ப் நிலையத்தைப் பூமிக்கடியில் கட்ட வேண்டிவந்தது. ஹாலின் உச்சியிலிருந்து நண்பர் பைனாகுலரை வைத்துக்கொண்டு கரை முழுக்கத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. தண்ணீர் போய்விட்டதே, அப்புறம் என்ன பெரிய வெற்றி என்றார். என் கணக்கில் அந்த வழக்கில் ஜெயித்தவர் பிர்கெட்தான்.